துண்டு வெள்ளையாகத்தான் இருந்தது

கல்யாண வீடுகளில் படம் எடுத்தே தலை நரைத்தவன் நான். கலர் விஷயத்தில் என்னிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. முகூர்த்தப் பட்டு அரக்கா, மெரூனா என்று சம்பந்திகள் மல்லுக்கு நின்றால் என் தீர்ப்புதான் கடைசி. அந்தத் திமிர் என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தங்கை பிரசவத்துக்குத் தாடிக்கொம்பில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. பிறந்த ஐந்தாம் நாள் காலை கேமராவோடு அவள் அறைக்குப் போனேன். அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பேரு வைக்கிற வரைக்கும் பச்சப்புள்ளைய போட்டோ புடிக்கக் கூடாதுடா. கண்ணு பட்டுரும்."

"தாய்மாமன் கண்ணு படாதும்மா, தள்ளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன்.

கட்டிலை வெளிச்சத்துக்கு இழுத்து, வெள்ளைத் துண்டை விரித்து, குழந்தையைக் கிடத்தினோம். அவன் அசையவே இல்லை. கையை மடக்கிக் கன்னத்தடியில் வைத்தால் வைத்தபடி இருந்தது. உள்ளங்காலை வருடினாலும் முழிக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் கைக்குழந்தைகளிடம் பாடாய்ப் பட்டிருக்கிறேன், இப்படி ஒத்துழைத்த குழந்தையைப் பார்த்ததில்லை. "மாமன் தொழில் தெரிஞ்சு பொறந்திருக்கான்" என்று தங்கையைச் சீண்டினேன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் படத்தைத் திரையில் பார்த்தபோது தங்கையும் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, புள்ள மஞ்சளா இருக்கானோ?"

"செவுரு மஞ்சளா இருக்குல்ல? அந்தக் கலர் புள்ள மேல அடிக்குது."

"இல்லண்ணே, காலையில குளிப்பாட்டுறப்பவும் எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு."

"ஏ புள்ள, இருபது வருஷமா நான் இதத்தான பாக்குறேன்? கருப்பு வெள்ளையில எடுத்தா எல்லாம் சரியாயிரும். செத்த நேரம் சும்மா இரு."

சும்மா இருந்தாள். நான் கேமராவைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றினேன். மஞ்சள் போய்விட்டது.

மூடிய விரல்கள், காதோர முடி, தங்கையின் தோளில் சாய்ந்த தலை என்று வளைத்து வளைத்து எடுத்தேன். நல்ல படங்கள்தான், அதை மறுக்க மாட்டேன். அன்றே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மாப்பிள்ளையின் அக்கா மதுரையில் நர்ஸ். "சிலை மாதிரி இருக்கான்" என்று அவரும் எழுதினார். கலரில் ஒரே ஒரு படம் போட்டிருந்தால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து குழந்தை பால் குடிப்பதை நிறுத்தினான். அடித்துப் பிடித்து திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தார். "இவ்வளவு மஞ்சளா இருக்கு. வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று சத்தம் போட்டார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

காமாலை இறங்குவதற்காகக் கண்ணைக் கட்டி, நீல விளக்கின் அடியில் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைத் திறந்தேன். திரையில் கருப்பு வெள்ளையாகக் காட்டினாலும் என் கேமரா கலரையும் உள்ளே வைத்திருக்கும். துண்டு வெளுத்த வெள்ளையாக இருந்தது. அதன்மேல் கிடந்த குழந்தை மட்டும் மஞ்சளாக இருந்தான். சுவரின் நிறம் அடித்திருந்தால் முதலில் துண்டில்தான் அடித்திருக்கும். என் தொழிலில் இது அரிச்சுவடி. அந்தத் துண்டை விரித்ததே நான்தான்.

குழந்தை பிழைத்துக்கொண்டான். ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆனால் தாய்க்காரி கவனிக்கவில்லை என்ற பேச்சு நிலைத்துவிட்டது. அவள் மாமியார் சொன்னார், எங்கள் அம்மாவும் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. கலர் படம் ஒன்றைப் போனில் ஏற்றி வைத்திருந்தேன், காட்டத்தான் துணிச்சல் வரவில்லை. நான் கோழை, வேறென்ன சொல்ல.

முதல் பிறந்தநாள் ஒட்டன்சத்திரத்தில், மாப்பிள்ளை வீட்டில். கூடத்துச் சுவரில் என் கருப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். வந்தவர்களிடம் மாமியார் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமன் எடுத்ததுங்க. எப்படி இருக்கான் பாருங்க. இவதான் புள்ளைக்குக் காமாலை வந்ததைக்கூடப் பாக்காம உட்டுட்டாளுங்க."

கேசரி பரிமாறிக்கொண்டிருந்த தங்கை சிரித்தாள். "ஆமாங்க அத்தை, எனக்குத்தான் தெரியாமப் போயிருச்சு."

இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவளைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுப் போய், போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நான் கேட்டேன்லண்ணே" என்றாள். பிறகு சந்தேகம் வந்தவளாக, "கேட்டேன்தான?" என்றாள்.

தான் கேட்டதையே அவள் நம்பாத அளவுக்கு ஒரு வருஷம் எல்லோரும் சேர்ந்து பேசியிருக்கிறோம்.

"கேட்ட. நான்தான் வாய அடைச்சேன்."

திட்டுவாள் என்று காத்து நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போனை என் கையில் திருப்பி வைத்தாள்.

"குரூப்ல போடுண்ணே. நீயே போடு."

போட்டேன். கீழே எழுதினேன்: "இவன் மஞ்சளாக இருக்கிறான் என்று அன்றைக்கே இவன் அம்மா சொன்னாள். நான்தான் இல்லை என்றேன்."

உள்ளே ஒவ்வொரு போனாக ஒலித்தது. தங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் கூடத்துக்குள் போனாள்.