பதினைந்து ஆம்பியர் திருட்டு

எங்கள் வீட்டு மனுஷருக்கு ஊரில் "கரண்ட்" என்றுதான் பெயர். முப்பத்திரண்டு வருஷமாகக் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஹாரன் அடிக்கவில்லை, லைட் எரியவில்லை என்றால் வண்டி அவர் கடை வாசலில்தான் வந்து நிற்கும். கெட்டிக்காரர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கெட்டிக்காரரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தடவை கடை வாசலில் நின்ற வண்டியை எவனோ சாவியே இல்லாமல் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எந்த வண்டியை விட்டு நாலு அடி நகர்ந்தாலும், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் திறந்து, பெட்ரோல் பம்புக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். விரல் நகம் அளவுதான் இருக்கும் அது. "பெட்ரோலே போகலைன்னா எந்தக் கொம்பன் கிளப்புவான்?" என்பார். அதனால் நான் சட்டைப் பையைத் தடவிப் பார்க்காமல் எந்தச் சட்டையையும் தண்ணீரில் போட்டதில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒரு டப்பா நிறைய ஃபியூஸ் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த வண்டியுடையது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த வண்டிகளெல்லாம் எப்படி ஓடுகின்றன என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இந்த மனுஷரைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனேன். பெட்டியில் என் இரண்டு புடவைக்கு இடமில்லை. கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் அவருடைய டெஸ்ட் லைட்டுக்கும் ஸ்க்ரூ டிரைவர் கட்டுக்கும் மட்டும் இடம் இருந்தது. போன மறுநாளே மகனுடைய பழைய காரின் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டார்.

மருமகள் படித்தது பிசியோதெரபி. அந்த ஊருக்கு வந்த இரண்டு வருஷமாக ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் படிப்புக்கு ஏற்ற வேலை ஒன்று கிடைத்திருந்தது. நடக்க முடியாத பெரியவர்களின் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் கட்டாயம். திங்கட்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். தேர்வு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. அதை விட்டால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்துத்தான்.

இதற்கு முன் நாலு தடவை போய்த் தோற்றிருந்தாள். முதல் தடவை ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே தெரு முனை வரை ஓட்டினாளாம். இரண்டாவது தடவை, நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் ஒரு புறாவை விரட்டிவிட்டு வந்தாளாம். மூன்றாவது தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் தேர்வு அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நாலாவது தடவை வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே அழுகை. பாவம், ஓட்டத் தெரியாதவள் இல்லை. பயம், அவ்வளவுதான். குரலே வெளியில் வராத பெண் அது.

"அத்தை, இதுவும் போச்சுன்னா நான் திரும்ப லேபிள் ஒட்டத்தான் போகணும்" என்று வியாழக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் இருக்கேன்ல, வண்டியை ஜம்முனு ஆக்கிக் குடுக்கறேன்" என்றார் இவர். வண்டி ஜம்மென்றுதான் இருந்தது. அதை யார் அவரிடம் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கெல்லாம் தேர்வு அலுவலகத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டோம். மகனும் மருமகளும் பெயர் பதிய உள்ளே போனார்கள். "அப்பா, பூட்டிட்டு வாங்க" என்று சாவியை இவரிடம் கொடுத்தான் மகன். நல்ல குளிர். நான் வாசலிலேயே நின்று இவருக்காகக் காத்திருந்தேன். இவர் வண்டிக்குள் குனிந்தார், நிமிர்ந்தார், கோட்டுக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கென்ன கேடு? நட."

பத்து மணிக்குத் திரும்பி வந்தோம். தேர்வுக்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று மருமகள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கர்ர்ர் என்று இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடியும் கர்ர்ர். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நகரு" என்று கோட்டின் கையை மடித்துவிட்டார் இவர். முகத்தில் என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அவருக்கு அவ்வளவு களை இருந்ததில்லை, எனக்குத் தெரியும்.

முதலில் பேட்டரி. நன்றாக இருந்தது. பிறகு ஏதோ காயில். அதுவும் நன்றாக இருந்தது. "சென்சார் கோளாறு" என்று டாஷ்போர்டுப் பலகையைக் கழற்றினார். பிறகு சீட்டைக் கழற்றினார். மருமகள் ஒரு கையில் டார்ச்சையும் மறு கையில் திருகாணிகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது என்னன்னு பாத்துக்க, இதுதான் பிரேக் ஆயில் டப்பா, அதுல கை வைக்காத, இங்க வெளிச்சம் காட்டு, அங்க இல்லம்மா, இங்க!" என்று ஒரே சத்தம். மகன் அந்தப் பக்கம் போய் வழியில் நின்ற வண்டிகளைச் சரிசெய்ய வரும் உதவி வேனுக்குப் போன் செய்தான்.

"ஃபியூஸ் பாத்தீங்களாப்பா?" என்று அவன் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"டேய், எனக்கே சொல்லித் தர்றியா? ஃபியூஸ் பாக்கறதெல்லாம் கத்துக்குட்டிங்க வேலை. அந்தப் பெட்டியை நானே என் கையால திறந்து மூடியிருக்கேன். அதுல தப்பு இருக்குமா?"

அந்தப் பேச்சை நம்பினோமே, எங்களைச் சொல்ல வேண்டும்.

பத்தே முக்காலுக்கு உதவி வேன் வந்தது. இறங்கியது சின்ன வயது மெக்கானிக் பெண். இரைந்து கிடந்த சீட்டையும் பலகையையும் பார்த்தாள். எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். நேராகப் போய் அந்தப் பெட்டியைத் திறந்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி மகனிடம் ஏதோ சொன்னாள்.

"பெட்ரோல் பம்ப் ஃபியூஸ் இல்லையாம். யாரோ எடுத்திருக்காங்களாம்" என்றான் மகன்.

"திருட்டு!" என்று கத்தினார் இவர். "பாத்தியா? பெரிய நாடு, பெரிய நாடுன்னு சொன்னியே! பதினஞ்சு ஆம்பியர் ஃபியூஸைக்கூட விட்டு வைக்கல! போலீஸைக் கூப்பிடுடா!"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கோட்டுக்குள் கை. நெஞ்சு வலி.

அவர் முன்னால் போய் நின்றேன். கோட்டுப் பொத்தானைக் கழற்றினேன். "ஏய், என்ன பண்ற, நடுத்தெருவுல?" என்றார். ஸ்வெட்டரைத் தூக்கி, சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டேன். எத்தனை வருஷத்துக் கை! நேராக அதன் மேலேயே போய் நின்றது. நீல நிற ஃபியூஸ்.

"பிடிச்சாச்சு உங்க திருடனை" என்றேன்.

மெக்கானிக் பெண்ணுக்கு நாங்கள் பேசியது ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மகன் தலையில் கையை வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். இவர் மட்டும் ஃபியூஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எப்ப..." என்றார்.

மருமகள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. திருகாணிகளை என் கையில் கொட்டினாள். அவர் கையிலிருந்த ஃபியூஸை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"மாமா! தள்ளுங்க!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இவர் துள்ளி நகர்ந்தார். மெக்கானிக் பெண்ணும் மகனும் அவசர அவசரமாகச் சீட்டையும் பலகையையும் மாட்டினார்கள். ஃபியூஸை அவளே செருகினாள், சாவியைத் திருப்பினாள், வண்டி பிடித்துக்கொண்டது. பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம். தேர்வு அதிகாரி கையில் அட்டையோடு வந்தார்.

கிளம்பும் முன் பானெட்டைத் திறக்கச் சொல்லி, பிரேக் ஆயில் எங்கே என்று கேட்டாராம். எங்கே என்று அவளுக்கா தெரியாது! முக்கால் மணி நேரம் அதன் மேல்தானே வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பிப் போன பிறகு பார்த்தால் என் உள்ளங்கையில் மூன்று திருகாணிகள் மிச்சம் இருந்தன. யாரிடமும் சொல்லாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நாற்பது நிமிஷம். இவர் அலுவலகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாஸ் ஆகலைன்னா என்ன பண்றது? என்னாலதானே?" என்று மெல்லக் கேட்டார். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும், கழற்றிவிட்ட கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

வண்டி வந்து நின்றது. அவள் இறங்கினாள். ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"பயப்படவே நேரம் இல்லை அத்தை. போகும்போதும் வரும்போதும் மாமாவை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே ஓட்டினேன். திட்டி முடிக்கறதுக்குள்ள தேர்வு முடிஞ்சுபோச்சு" என்றாள். அவளை நான் கட்டிக்கொண்டேன். இவர் கிட்டே வரப் பயந்துகொண்டு தூரத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பும் முன்னாலேயே இவர் டெஸ்ட் லைட்டோடு வாசலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே நான் ஓடினேன். "முதல் நாள், ஒரு தடவை பாத்துடறேன், கையே வைக்க மாட்டேன்" என்று சாவியைத் திருப்பினார். கர்ர்ர். மறுபடியும் கர்ர்ர். எனக்கு உயிரே போய்விட்டது. இவரே பதறிப்போய்த் தன் சட்டைப் பையைத் தடவினார். காலி. பேன்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"சத்தியமா நான் எடுக்கலடி!"

மருமகள் படியிறங்கி வந்தாள். கைப்பையைத் திறந்தாள். தேர்வு முடிந்ததும் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்து வைத்திருந்தாள். அதைப் பிரித்து, உள்ளேயிருந்து நீல நிற ஃபியூஸை எடுத்தாள்.

"நீங்க காலைல வந்து கை வைப்பீங்கன்னு தெரியும் மாமா. நேத்தே கழட்டிட்டேன்."

ஃபியூஸைச் செருகினாள், வண்டியைக் கிளப்பினாள், தெரு முனையில் கையை ஆட்டிவிட்டு வளைந்து மறைந்தாள். இவர் வெறும் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"எவ்வளவு சரியான ஃபியூஸா பாத்து எடுத்திருக்கா பாரு" என்றார்.