ஹம்பேர்க்கில் தொங்கும் என் முதுகு

பெப்ரவரியில் மூன்று மாலைகளை முழுதாகச் செலவழித்து, ஹம்பேர்க்கிலிருந்து திரும்புவதற்கு 15.24 ரயிலே உகந்தது என்று முடிவெடுத்தேன். 17.24 ரயிலுக்குப் பன்னிரண்டு யூரோ கூடுதல். அகதி விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபோதுகூட நான் இவ்வளவு ஆழ்ந்து சிந்திக்கவில்லை.

பயணத்துக்குக் காரணம் செபஸ்தியான் அண்ணை. மன்னார்க்காரர், எண்பதுகளில் நொய்ஸ் நகர அகதி விடுதியில் என் அறைத்தோழர். ஹம்பேர்க்கின் அல்டோனாப் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் நடத்தும் ஒரு கலைக்கூடத்தில் அந்த விடுதியின் புகைப்படங்கள் இருப்பதை அவருடைய மகள் கண்டுபிடித்திருந்தாள். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

டுசல்டோர்ஃபில் காலை 7.20க்கு ஏறினால் அல்டோனாவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம், 400 கிலோமீற்றர். போகவர ஒருவருக்கு 58 யூரோ. நிலையத்திலிருந்து பதினொரு நிமிட நடை. முன்பு தளபாடக் கடையாக இருந்த இடம். நுழைவு இலவசம், இஞ்சித் தேநீர் இரண்டு யூரோ.

முன்னறையில் மின்கம்பியால் பின்னிய கூந்தல்கள், கானாத் தலைநகர் அக்ராவின் சலூன் பலகைகளில் தீட்டிய முகங்கள். ஹம்பேர்க்கில் வளர்ந்த கறுப்பினப் பெண்கள் தங்கள் வகுப்புப் படங்களைத் துணியில் அச்சிட்டுத் தைத்த போர்வை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு கறுப்புப் பிள்ளை, பெரும்பாலும் ஓரத்தில். அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பின்னறையில் எங்கள் விடுதிச் சமையலறை, பதினாறு படங்களில். எடுத்தவர் கோஜோ, கானாக்காரர், எங்களுக்குப் பக்கத்து அறை. ஆப்பிரிக்கர் எல்லாரும் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தமிழர் எல்லாரும் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். ‘பார்வையின் அதிகாரத்தை மறுக்கும் உடல்களின் மௌன எதிர்ப்பு’ என்று சுவர்க் குறிப்பு விளக்கியது.

“உது என்ர முதுகு,” என்றார் அண்ணை. “பக்கத்தில நீ. அப்பவே கூனல்.”

“எதிர்ப்பாம், அண்ணை.”

“என்ன எதிர்ப்பு? அவன் பொலிசின்ர ஆள், படத்தை ஊர் வரைக்கும் அனுப்புவான் எண்டு நீதானே சொன்னனி.”

சொன்னேன். கோஜோவிடம் நல்ல கமரா இருந்தது. கறுப்பனுக்கு நல்ல கமரா எங்கிருந்து வந்தது என்பதே என் ஆராய்ச்சியின் தொடக்கமும் முடிவும். அதுவரை அவரோடு ஒரே சட்டியில் சாப்பிட்ட தமிழர்கள் அன்றிலிருந்து அவர் தந்த சோற்றைத் தொடவில்லை, பேசவும் இல்லை.

கலைக்கூடத்தை நடத்துபவர் கோஜோவின் மகள் அபேனா. குறிப்பை எழுதியது ஒரு பேராசிரியர் என்றார். “அப்பாவுக்கு அது பிடிக்காது. ‘நான் அந்தத் தமிழருக்கு என்ன செய்தேன்’ என்றுதான் இன்னும் கேட்கிறார். நாலு மணிக்கு வருவார். செவ்வாய்க்கிழமை கானாவில் குமாசிக்கே திரும்பிவிடுகிறார்.”

அப்போது மணி 14.50.

“நிண்டு, உண்மையைச் சொல்லிப்போட்டுப் போவம்,” என்றார் அண்ணை.

“ஏலாது அண்ணை. டிக்கெட் இந்த ரயிலுக்கு மட்டும்தான்.”

“அப்ப நீ போ. நான் நிக்கிறன்.”

வருகையேட்டில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதி, எவராலும் வாசிக்க முடியாத கையெழுத்தொன்றையும் இட்டுக் கிளம்பினேன்.

15.24 ரயில் எழுபது நிமிடம் தாமதம். இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அதே சீட்டில் பிந்திய ரயிலிலும் போகலாம் என்பது இந்நாட்டு விதி, வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். எனக்கு அது நன்றாகவே தெரியும். கலைக்கூடம் பதினொரு நிமிட நடையில் இருந்தது. நான் மேடையில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டேன்.

மறுநாள் அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

“சொல்லிப்போட்டன். மனிசன், ஆர் அந்தக் கதையைக் கட்டினது எண்டு கேட்டார்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“நான்தான் எண்டன். ஆரையாவது பார்த்துத்தானே மனிசன் கோவிக்க வேணும். முன்னால இருந்தது நான்.”

கோஜோவுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினேன். அது ‘மதிப்புக்குரிய’ என்ற சொல்லோடு நிற்கிறது.

போக விரும்புவோருக்கு: சனிக்கிழமை 12 முதல் 18 மணி வரை திறந்திருக்கும். திரும்பும் சீட்டை 17.24 ரயிலுக்கே எடுங்கள். பன்னிரண்டு யூரோவுக்கு இதைவிடப் பெறுமதியான எதையும் நான் வாங்காமல் விட்டதில்லை.

ஜூன் மாதம் தனியாக மறுபடி போனேன். சுவர்க் குறிப்பை மாற்றியிருக்கிறார்கள். ‘இடமிருந்து இரண்டாவது: வதந்தியைத் தொடங்கிய செபஸ்தியான். அவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் பெயர் தெரியவில்லை.’