மூன்று மாதச் சீட்டு

"சிஸ்டர், மரகதம்மா உயிரோட இருக்காங்களா?"

கிளினிக் வாசலில் நின்று இப்படிக் கேட்டவர், பக்கத்துக் கடையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காதர் பாய். எனக்குத் திக்கென்றது.

"என்ன பாய் பேச்சு இது? அவங்களுக்கு என்ன?"

"நான் எங்கங்க கேக்குறேன்? சிங்கப்பூர்லேருந்து அவங்க சின்ன பையன் குமார் கேக்குறான். மாசத்துல மொத திங்கக்கெழமை பதினோரு மணிக்கு என் பூத்துக்குக் கூப்பிடுவான். இந்தம்மா உங்ககிட்ட மாத்திரைச் சீட்டு வாங்கிட்டு நேரா வந்து உக்காந்திருப்பாங்க. ரெண்டு மாசமா ஆளைக் காணோம். இன்னிக்கு அழுவுறான். எதையாவது மறைக்கிறீங்களா பாய்னு என்னையே கேக்குறான்."

திருவையாற்றில் ஒரு டாக்டரிடம் ரிசப்ஷன், ரிஜிஸ்டர், ஊசி அறை என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டியவள் நான். இது செல்போன் வராத காலத்துக் கதை. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய்க்கொண்டிருந்த காலமும் அதுதான். பிரஷர், சுகர் பேஷண்டுகள் மாதம் ஒருமுறை வந்து மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்பது டாக்டரின் சட்டம். பழைய மருந்துகளைப் புதுச் சீட்டில் நான் எழுதி வைப்பேன். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

திங்கட்கிழமை என்றால் கூட்டம் தெருவரை நிற்கும். பிரஷர் ஒரே சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதிவிடலாம் என்று டாக்டரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். கூட்டம் பாதியாகக் குறைந்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தச் சலுகையை முதலில் வாங்கிப்போனவர்களில் மரகதம்மாவும் ஒருவர்.

காதர் பாய் போனதும் டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எழுதினது நீ, கையெழுத்துப் போட்டது நான். ரெண்டு பேருமா சேர்ந்துதான் கெடுத்திருக்கோம்" என்றார். பிரஷர் பார்க்க வேண்டும், உடனே வரவும் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி, அவர்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாளே பெரிய மகன் தங்கராசு அம்மாவை அழைத்து வந்தார். வயல் வேலையைப் பாதியில் விட்டு வந்த கோபம் முகத்தில் தெரிந்தது. "மூணு மாசத்துக்கு வர வேணாம்னு நீங்கதானே சிஸ்டர் எழுதிக் குடுத்தீங்க?" என்றார்.

பார்த்தால் மரகதம்மாவுக்குப் பிரஷர் நிஜமாகவே எகிறியிருந்தது. மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை என்றார். ஊசி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குமார் அழுததைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

குமார் தன் பங்கு வயலை விற்றுவிட்டுச் சிங்கப்பூர் போனவன். அன்றிலிருந்து அவன் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று தங்கராசு சொல்லிவிட்டார். கடிதம் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம். மாத்திரைச் சீட்டு ஒன்றுதான் மரகதம்மா பஸ் ஏறக் காரணமாக இருந்தது.

"கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே?"

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லச் சொல்றியா? மாத்திரைன்னா பொய் இல்லையேம்மா."

"சீட்டு குடுத்த அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கு நல்லது பண்ணிட்டோம்னு நீ அப்புடிச் சிரிச்சுக்கிட்டு நின்ன. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் யார் சீட்டையும் அவர்களைக் கேட்காமல் மூன்று மாதத்துக்கு நீட்டுவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். பிறகு கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, "சிரமந்தான் சிஸ்டர், ஆனா மாசாமாசமே வர்றேன்" என்று சொல்பவர்கள் எத்தனை பேர் என்று. வேலைக்கு வரும் புதுப்பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

அன்றே தங்கராசுவை டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே மாசாமாசம் அம்மா நேர்ல வரணும். மொத திங்கக்கிழமை."

"மொத திங்கக்கெழமையேவா?"

"ஆமா."

தங்கராசு என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதம் மரகதம்மா தவறாமல் வந்தார். பிரஷரும் இறங்கியது. பிறகு ஒரு முதல் திங்கள் தங்கராசு மட்டும் வந்து, அம்மாவுக்குக் காய்ச்சல் என்றார். சீட்டு வாங்கினார், மாத்திரையும் வாங்கினார். ஆனால் கிளம்பவில்லை. மணி பதினொன்றை நெருங்கியதும் என் மேசைக்கு வந்தார்.

"சிஸ்டர், கொஞ்சம் பக்கத்துக் கடை வரைக்கும் வர்றீங்களா? அம்மா அங்க போன் பேசப் போறது எனக்கும் தெரியும். காணோம்னா அவன் பயந்துடுவான்."

பூத்தில் போன் மணி அடித்ததும் ரிசீவரை என் கையில் திணித்தார். "நான் வந்தேன்னு சொல்லாதீங்க" என்றார்.

"அம்மா?" என்றான் குமார். அவன் போட்ட சத்தம் வெளியே வரை கேட்டது. கிளினிக் சிஸ்டர் பேசுகிறேன், அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

"மாத்திரை வாங்க யாரு வந்தா சிஸ்டர்?"

"வீட்டுலேருந்து வந்தாங்க."

பிறகு கேட்டான், "அண்ணன் எப்படி இருக்கு?"

தங்கராசு ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார். தோள் துண்டின் நுனியைப் பல்லால் கடித்திருந்தார். ரிசீவரை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார், ஆனால் காதை எடுக்கவில்லை. "நல்லா இருக்காரு தம்பி" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அடுத்த மாதம் முதல் திங்கள் அம்மாவும் மகனுமாக வந்தார்கள். மரகதம்மாவுக்குப் பார்த்து முடித்ததும் தங்கராசு சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தடவை பாத்துடுங்க சிஸ்டர். தலை கொஞ்சம் சுத்துற மாதிரி இருக்கு."

பார்த்தேன். நார்மல். வயலில் உழைக்கிற உடம்பு, வேறெப்படி இருக்கும்? புதுச் சீட்டு ஒன்றை எடுத்து அவர் பெயரை எழுதினேன். மருந்து எதுவும் இல்லை. 'மாதம் ஒருமுறை, முதல் திங்கட்கிழமை, நேரில் வரவும்' என்று மட்டும் எழுதி டாக்டரிடம் நீட்டினேன்.

டாக்டர் படித்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.