ஜெனரலுக்கு எதிரில் நின்றவர்

எங்கள் சின்னத் தாத்தா ஒரு வெள்ளைக்கார ஜெனரலுக்கு எதிரில் நின்றவர் என்பது ரங்கூனின் லத்தா பகுதியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். சின்னத் தாத்தா என்றால் அப்பாவின் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த பிறகு எங்களோடு மூன்றாம் மாடியில் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. தேநீர்க் கடையில் யாராவது யுத்தகாலப் பேச்சை எடுத்தால் போதும், "ஜெனரலுக்கு எதிர்ல நின்னவன் நான்" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எதிரில் நின்றார் என்றால் சலாம் வைத்துக்கொண்டு நின்றிருப்பார், அப்படியானால் ஜெனரலின் பட்டாளத்தில்தான் இருந்திருப்பார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ரங்கூனுக்குச் சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். என் மாமா அவர்களுக்குக் கார் ஓட்டினார். ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், கைத்தடி ஊன்றிய வயசான வெள்ளைக்காரர் ஒருவர் அவர் காரில் ஏறினார். அந்த ஜெனரலின் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்து பர்மாவில் சண்டை போட்டவர். செத்துப்போன கூட்டாளிகளைப் பார்க்க வந்திருந்தார். மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் வீட்டிலேயே ஜெனரலின் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் இருவரும் மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றார்கள்.

வெள்ளைக்காரர் சின்னத் தாத்தாவின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அம்மா கொடுத்த தேநீர் ஆறிப்போகும்வரை ஜெனரலைப் பற்றியே பேசினார். மாமா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெனரல் பெரிய இடத்துப் பிள்ளை இல்லையாம், கடைக்காரர் மகனாம். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடம்கூடச் சொல்லிக் கொடுத்தாராம். ஜப்பான்காரனிடம் முதலில் தோற்று, மிச்சப் படையை இந்தியா வரைக்கும் நடத்திக் கொண்டுபோனார். தோற்ற அதே படையைத் தேற்றித் திரும்பக் கூட்டிவந்து ரங்கூனைப் பிடித்தார். பிற்பாடு வேறொரு தேசத்துக்கே கவர்னரானார். லண்டனில் அவருக்குச் சிலை இருக்கிறது.

"சிப்பாய்ங்க எல்லாம் அவரை மாமான்னுதான் சொல்லுவாங்களாம்" என்று சொல்லும்போது என் மாமா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்தே, "அதே ரோட்டுல நம்ம சனமும்தானே இந்தியாவுக்கு நடந்துச்சு. பாதி வழியிலயே செத்துச்சு. அதையும் சொல்லு அவருகிட்ட" என்றாள்.

மாமா அதைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரரின் மனம் குளிர்ந்தால் தன்னைச் சீமைக்கே கூப்பிட்டுக்கொள்வார் என்று அவருக்குள் ஒரு கனவு ஓடிக்கொண்டிருந்தது. யுத்தக் கல்லறைக்குக் கூட வருகிறீர்களா, நாம் இரண்டு பேரும் சேர்ந்து மலர்வளையம் வைக்கலாம் என்று வெள்ளைக்காரர் கேட்டபோது சின்னத் தாத்தா சட்டென்று, "வர்றேன்" என்றார். கையைப் பிடித்து நடத்திப் போக என்னையும் அனுப்பினார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும். காரின் முன் ஸீட்டில் உட்காரப்போகிறோம் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வடக்கே இருந்தது. வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகக் கற்கள். நடுவில் பெரிய தூண்கள், அவற்றில் கீழிருந்து மேல்வரை பெயர்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் என்றார் மாமா. வெள்ளைக்காரர் காரிலிருந்து மலர்வளையத்தை எடுத்து வந்து, பாதிப் பாரத்தைச் சின்னத் தாத்தாவின் கையில் கொடுத்தார். சின்னத் தாத்தா அதை வாங்கவில்லை.

"இத நான் வைக்கக்கூடாது. நான் இவுங்க பட்டாளம் இல்லன்னு சொல்லுப்பா."

மாமா சிரித்து மழுப்பப் பார்த்தார். "தாத்தாவுக்கு வெயில் ஒத்துக்கல."

"வெயிலுக்கு என்ன? நான் சுதந்திரப் பட்டாளம். ஜப்பான்காரன் பக்கம் நின்னு இவுங்களச் சுட்டவன். எதிர்ல நின்னவன்னு எத்தன வருஷமாச் சொல்றேன்."

மாமா இதையும் வெள்ளைக்காரரிடம் சொல்லவில்லை. சின்னத் தாத்தா துறைமுகத்து இங்கிலீஷைத் தேடிப் பிடித்துத் தானே சொன்னார்: "சார், ஐ எனிமி, சார்."

வெள்ளைக்காரர் வளையத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. தனியாகவே போய் அதை வைத்து, குனிந்த தலையோடு வெகுநேரம் நின்றார். மாமா என்னைப் பார்த்து முறைத்தார், நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. திரும்பி வந்ததும் வெள்ளைக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். பிறகு ஏன் இங்கே வந்தாய்?

மாமா கேள்வியைத் தமிழில் சொன்னார். "எங்க மூத்தண்ணன் பேரு இங்க இருக்கும்" என்றார் சின்னத் தாத்தா, என் சொந்தத் தாத்தாவுக்கும் மூத்தவரைச் சொல்லி. "நான் சின்ன வயசுலயே இங்க வந்துட்டேன். அவன் ஊர்லயே இருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்துட்டான். பர்மாவுல செத்தான்னு மட்டும் தெரியும். எனக்குக் கண்ணு தெரியாது. கேட்டுச் சொல்லு."

அண்ணன் எந்தப் பிரிவு என்று வெள்ளைக்காரர் கேட்டார். மதராஸ், பாலம் கட்டுகிறவர்கள், படகு ஓட்டுகிறவர்கள் என்று சின்னத் தாத்தா சொன்னதும் அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். தூண் தூணாகப் பார்த்து ஓரிடத்தில் நின்றார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாவது பெயர் சின்னத் தாத்தா சொன்ன அண்ணன் பெயர். அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார். அவர் முகம் சந்தோஷமாகவே இருந்தது.

"எங்க செத்தான்னு இவருக்குத் தெரியுமா?"

வெள்ளைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவரும் அன்றைக்கு அங்கே இருந்தவர். பகானுக்குப் பக்கத்தில் ஐராவதியைக் கடந்தபோது, எதிர்க்கரையிலிருந்து சுட்டதில் படகுகள் கவிழ்ந்தன. படகு ஓட்டிய மதராஸ் ஆட்களில் சிலரை ஆறு கொண்டுபோய்விட்டது. மாமா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

சின்னத் தாத்தா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் அவர் ஜெனரலின் பெயரையே எடுத்ததில்லை. தேநீர்க் கடையில் கேட்டால் "மறந்துபோச்சு" என்பார். மாமாவும் ரங்கூனைவிட்டு எங்கும் போகவில்லை. சின்னத் தாத்தா இறந்து பல வருடங்களுக்குப் பிறகுதான், அவர் அந்தச் சண்டையில் எந்தக் கரையில் இருந்தார், எங்கே பிடிபட்டார் என்பதை அப்பா சொன்னார். பகான் பக்கம்தான். படகுகள் வந்து ஏறிய கரையில்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. வெயில் தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தேன். "கால் வலிக்குதா தாத்தா?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றார். வெள்ளைக்காரர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரமப்பட்டு முழங்காலை மடக்கி, புல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிழவர்கள் இரண்டு பேரையும் எப்படி எழுப்பிக் காருக்குக் கூட்டிப் போவது என்பதுதான் எனக்கு அப்போது பெரிய கவலையாக இருந்தது.