மஞ்சள் மங்கல்

வேலியில் தொங்கும் மஞ்சள் கவுனை ஜஸீல் நானா இன்னும் அரையடி இறக்கிக் கட்டுகிறார். தன் இடுப்பருகே கையை வைத்து உயரம் பார்க்கிறார். "நாலு வயசுப் புள்ள இவ்வளவுதானே ஈக்கும்?" என்று என்னைக் கேட்கிறார். நான் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த ஆள். பதுளை டவுனில் அவருடைய ஸ்டூடியோவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான், வாடிக்கையாளன் காத்துக் கிடக்க வேண்டும்.

கவுனுக்குப் பிறகு அதே இடத்தில் ஒரு மஞ்சள் தண்ணீர்க் கேன். கேமராவில் பழைய லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாட்டி, முன்னால் என்னை நிறுத்தி, என் முகம் தெளிவாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் எடுக்கிறார். நாலு லென்ஸ், நாலு விதமான மங்கல். "ஜப்பான்காரன் பட்டர் மாதிரிக் கரைப்பான். ரஷ்யாக்காரன் சுத்திச் சுத்தி இழுப்பான்" என்கிறார். பேச்சில்தான் பெருமை, முகத்தில் இல்லை.

காரணம் வடிவேல். கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. பதினொரு வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி கல்யாணத்துக்கு ஜஸீல்தான் படம் பிடித்தார். லயத்து வரிசை வீட்டு வாசலில் மணமக்களை நிறுத்தியபோது வடிவேல் காதோடு சொன்னாராம்: "நானா, பொண்ணு வீட்டுக்காரங்க பாப்பாங்க. பின்னால லயம் தெரியாம எடுத்துருங்க." தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். தகரக் கூரையும் கொடித் துணியும் படத்தில் தெரியக் கூடாது. அதற்காகவே தேடி வாங்கிய லென்ஸ்கள் இவை.

அடுத்த மாதம் மலை சரிந்தது. லயம் போனது. வடிவேலின் நாலு வயது மகள் மேனுஷா போனாள். அவளுடைய படங்களும் வீட்டோடு மண்ணுக்குள் போயின. மிஞ்சியது, கொழும்புக்குப் போன தம்பியிடம் இருந்த அந்த ஒரு கல்யாணப் படம். மணமக்களுக்குப் பின்னால், பீலிக் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில், ஒரு மஞ்சள் மங்கல். அன்றைக்கு மேனுஷா போட்டிருந்ததும் மஞ்சள் கவுன், பீலியடியில் கிடந்த கேனும் மஞ்சள்.

"அது எம்புள்ளதானான்னு மட்டும் சொல்லுங்க நானா, வேற ஒன்னும் வேணாம்" என்று, அந்தப் படம் கைக்கு வந்த நாளிலிருந்து வடிவேல் இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருகிறார். கல்யாணத்தன்று எந்த லென்ஸ் மாட்டினார் என்பது ஜஸீலுக்கு நினைவில்லை. "நல்லா வேல செஞ்சிட்டன் தம்பி, அதான் பிழை" என்றார் என்னிடம்.

இந்த ஞாயிறு ரஷ்ய லென்ஸில் விடை வந்துவிட்டது. கல்யாணப் படத்தில் இருந்த அதே சுழல். கவுன் ஓரமில்லாமல் பரவியிருந்தது. கேனின் வழுவழுப்பில் மட்டும் வெயில் பட்டு, மங்கலுக்குள் ஒரு வெள்ளை வளையம் விழுந்திருந்தது. கல்யாணப் படத்திலும் அதே வளையம். அப்படியென்றால் பீலியடியில் தெரிவது கேன்தான். ஜஸீல் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த நேரம் பார்த்து வடிவேல் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும் முன்பே, "தெரிஞ்சுச்சா நானா?" என்று கேட்டு, கேமராவை வாங்கக் கை நீட்டினார். ஜஸீல் கொடுக்கவில்லை, தானே பிடித்துக் காட்டினார். திரையில் கடைசியாக எடுத்த கேன் படம். வடிவேல் குனிந்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார். வளையம் விழுந்திருந்த இடத்தை ஜஸீலின் கட்டைவிரல் மூடியிருந்தது. அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்துப் போயிருந்தது.