ஒலி எழுப்பவும்

சேலத்தில் மருத்துவம் படித்த என் மகள், அமெரிக்காவின் கணக்கில் வெளிநாட்டில் படித்தவள். சேலம் எப்போது வெளிநாடானது என்று கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கே போய் வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் அவர்களுடைய பரீட்சைகளை எழுத வேண்டும். சான்றிதழ்களை அவர்கள் சரிபார்க்க வேண்டும். கூட வேலை பார்த்த பெரிய டாக்டர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும். பிறகு ரெசிடென்சி என்கிற பயிற்சி இடத்துக்காக ஏகப்பட்ட ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே சமயத்தில் விண்ணப்பம் போட வேண்டும். பிடித்திருந்தால் கூப்பிட்டு, திரையில் முகம் பார்த்துப் பேசுவார்கள். கடைசியில் யார் யார் வேண்டுமென்று அவர்கள் ஒரு வரிசை கொடுப்பார்கள், எந்தெந்த ஆஸ்பத்திரி வேண்டுமென்று இவள் ஒரு வரிசை கொடுப்பாள், எங்கோ ஒரு கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கும்.

இவள் கொடுக்கக்கூடிய வரிசையில் ஒரே பெயர்தான். கூப்பிட்டது ஒரே ஆஸ்பத்திரி. படிப்பை முடித்து வருஷம் ஏற ஏற மதிப்பு குறையுமாம். ஆகவே இந்தத் தடவை விட்டால் விட்டதுதான் என்று அவள் அமைதியாகச் சொன்னாள். அமைதியாகச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நேர்காணல் மாலை ஏழு மணிக்கு. அங்கே அப்போது காலை. அன்று விடிந்ததும் எங்கள் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பியில் சாய்ந்து கரண்ட் போனது. மத்தியானம் இன்வெர்ட்டர் ஓய்ந்தது. சாயங்காலம் செல்போன் டவரும் உயிரை விட்டது. பயம் வந்தால் என் கைகள் தேவையில்லாத வேலைகளைத் தேடிக்கொள்ளும். நான் செத்துக் கிடந்த மோடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கீழ எறங்குங்க. சேலத்துல உங்க தங்கச்சி ஊட்டுல உக்காந்து பேசட்டும்," என்றாள்.

பத்திரிகைகளில் ஏற்காட்டு மூடுபனியைப் புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறேன். அவ்வளவையும் வாபஸ் வாங்குகிறேன். வண்டியின் மூக்குக்கு அப்பால் உலகம் இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹார்ன் அடித்து, எதிர் ஹார்ன் வருகிறதா என்று காது கொடுத்து, உருட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவள் பங்குக்கும் நானே பார்த்தேன்.

பாதி மலையில் அவள் போன் முனகியது. கீழே சமவெளியிலிருந்து சிக்னல் வருகிறது.

"நிறுத்துங்கப்பா. இனிச் சேலம் போய்ச் சேர முடியாது. இங்கயே பேசிக்கறேன்."

சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பதற்காக நிறுத்துகிற, கொஞ்சம் அகலமான ஒரு வளைவு. போனை முன்பக்கம் சாய்த்து வைத்து உள்விளக்கைப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க எறங்கிக்கோங்க. பக்கத்துல இருந்தா பதில் சொல்லித் தர்றீங்கன்னு நினைப்பாங்க. வண்டி கிண்டி வந்தாப் பாத்துக்கோங்க."

குல்லாயும் டார்ச்சுமாக இறங்கினேன். காட்டெருமை வருமா என்ற பயம் முதல் நிமிஷத்திலேயே தீர்ந்தது. அதைவிடப் பெரியது வந்தது. மேலிருந்து இறங்கிய ஒரு கார், முறைப்படி ஹார்ன் அடித்தது. கண்ணாடிக்குள் என் மகளின் உதடுகள் நின்றன. அப்புறம் மறுபடி அசைந்தன. அந்த இடைவெளியில் அமெரிக்கா கைவிட்டுப் போய்விட்டதாகவே நினைத்தேன்.

வளைவில் ஒரு பலகை இருந்தது. 'ஒலி எழுப்பவும்.' அதன் கீழேயே நின்று, வருகிற வண்டிகளை மறித்து, ஒலி எழுப்பாதீர்கள் என்று கெஞ்ச ஆரம்பித்தேன். ஒரு ஜீப் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு பூனை மாதிரிப் போனது. அடுத்து வந்த பஸ்ஸின் டிரைவர் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, ஹார்ன் அடிக்காமத் திரும்புனா நாம ரெண்டு பேரும் அந்தப் பொண்ணுகிட்டயே வைத்தியத்துக்குப் போகோணுமுங்க."

"அது இன்னும் வேலைக்குச் சேரலீங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்டக்டரை இறக்கி முன்னால் நடக்கவிட்டார். கண்டக்டர் பழக்கத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோக, நான் கும்பிட்டேன். செல்போன் வெளிச்சத்தைக் காட்டியபடி அவர் நடக்க, பஸ் பின்னாலேயே சத்தமில்லாமல் போயிற்று.

நான் செய்துகொண்டிருப்பது என்னவென்று அதன் பிறகுதான் உறைத்தது. மேலிருந்து காப்பி மூட்டை ஏற்றிய லாரி வந்தது. சைகை காட்டினேன். டிரைவர் தலையாட்டி, மெல்ல வளைவுக்குள் விட்டார். அதே நேரம் கீழேயிருந்து ஒரு கார் வேகமாக ஏறும் சத்தம். பனியில் மஞ்சளாய் ஒரு வீக்கம், பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கால்கள் ஆளுக்கொரு திசைக்குப் போகப் பார்த்தன.

"அடிங்க, ஹார்ன் அடிங்க," என்று லாரியைப் பார்த்துக் கத்தினேன்.

ஏர் ஹார்ன். மலை அதை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகத் திருப்பித் தந்தது. கார், லாரியின் பம்பரை முகர்ந்துகொண்டு நின்றது. லாரி டிரைவர் தலையை நீட்டினார்.

"அடிக்காதீங்கறீங்க, அடிங்கறீங்க. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க சாமி."

இரண்டு வண்டிகளும் ஒதுங்கிப் போன பிறகும் நான் எங்கள் கார் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதன் பிறகு வந்த வண்டிகள் எல்லாம் தாராளமாக ஹார்ன் அடித்தன. நான் ஒன்றையும் தடுக்கவில்லை. கடைசியில் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"வாங்கப்பா. முடிஞ்சுது."

"கெடுத்துட்டனா கண்ணு?"

ஏர் ஹார்ன் கேட்டு, திரையின் அந்தப் பக்கம் இருந்தவர்கள் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்களாம். வளைவு, பனி, வண்டி மறிக்கும் அப்பா என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். முதலில் அப்பா பத்திரமா என்று பார்க்கச் சொன்னார்களாம். இங்கிருந்தே தெரிகிறது, நிற்கிறார், இரண்டு காலும் இருக்கிறது என்றாளாம்.

"அப்புறம்?"

"பயந்து போனவங்கள எப்படிச் சமாளிப்பேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு வேலையக் குடுத்து வெளியில நிக்க வெச்சுருவேன்னேன்."

சாவியை அவளிடமே விட்டுவிட்டேன். வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் நீளமாக ஹார்ன் அடித்தாள்.

பங்குனியில் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஒரே இடத்தில் பேசியிருந்ததால், எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆனியில் கிளம்புகிறாள். அதுவும் மலையூர்தானாம். பாதி வருஷம் பனி கொட்டுமாம். கார் இல்லாமல் முடியாதாம்.

அங்கே ரோட்டில் யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்களாம். இதை அவள் எனக்கு ஆறுதலாகச் சொன்னாள்.