இருபத்தேழாவது ரேக்கின் மூன்று வரி

டேட்டா சென்டரில் அவரைப் "பொறுங்கக்கா" என்றால்தான் தெரியும். வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான். வயது நாற்பத்தாறு. கணினிகளை அடுக்கிய எந்த ரேக்கின் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று விதி எழுதுவது வேலை.

நாற்பது ரேக்குகளையும் வெளியுலகத்தோடு இணைப்பவை, தகவலை வழிபிரித்து அனுப்பும் நான்கு பெரிய சுவிட்சுப் பெட்டிகள். ஒன்றில் விசிறி செத்துக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குள் அதை உருவ அனுமதி. தவறினால் அடுத்த மாதம்தான். அதுவரை அது தாங்காது.

ஓடுகிற சுவிட்சை அவர் சட்டென்று பிடுங்கமாட்டார். "என் வழி சுற்றுவழி" என்று அதையே ரேக்குகளிடம் சொல்ல வைப்பார். அவை தாமாக மற்ற மூன்றின் பக்கம் திரும்பிவிடும். அதில் ஓடும் தகவலின் அளவைக் காட்டும் கோடு திரையில் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருப்பார்.

அன்று, பத்தே முக்காலுக்கும் ஒரு மெல்லிய கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏதோ சில்லறைக்கா. உருவச் சொல்லிடலாம்," என்றார் மேலாளர், எட்டு வயது இளையவர்.

"பொறுங்க. யாரோட சில்லறைன்னு பாத்துடறேன்."

சுவிட்சருகே ஸ்குரூடிரைவரோடு நின்ற டெக்னீஷியன் போனில் முனகினார். "அக்கா, குளிர்ல விறைச்சுப்போய் ஒருத்தன் நிக்கிறேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தம்பி. கையைப் பாக்கெட்டுல வெச்சுக்க. எதையும் தொட்டுடாதே."

தேடினார். இருபத்தேழாவது ரேக், ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துடையது. அதன் விதியில் மூன்று வரி: இந்த ஒரு சுவிட்ச் காட்டும் வழியை மட்டும் ஏற்றுக்கொள், மற்றவை காட்டுவதைத் தள்ளிவிடு. உருவியிருந்தால் ஒரு அழைப்பும் போய்ச் சேர்ந்திருக்காது. பக்கத்தில் இரண்டு வருடப் பழைய குறிப்பு: "சோதனைக்கு. நாளை எடுத்துவிடவும்."

"எந்த மகராசன் வேலை இது?" என்றார் மேலாளர்.

"மகராசி. நான்தான்."

அக்கா விசையைத் தட்டினார். மூன்று வரியும் போயின. கோடு சரிந்து படுத்தது. டெக்னீஷியன் சுவிட்சை உருவியபோது மணி பத்து ஐம்பத்தாறு.

அறிக்கையின் முதல் வரியிலேயே அக்கா தன் தவறை எழுதினார். மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலையேக்கா. இதைப் போட்டே தீரணுமா? உங்களைத்தான் குடைவாங்க."

"குடையட்டும். போடலேன்னா, இது மாதிரி இன்னும் எங்கெங்க விட்டு வெச்சிருக்கேன்னு யாரு தேடுவா?"

மாலைக்குள் அவரே இன்னும் இரண்டைப் பிடித்தார். ஒன்று அவருடையது. மற்றொன்று, மேலாளர் மேலாளராவதற்கு முன் எழுதியது. அவரைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த ரேக்கைத் திறந்தார்.